பட்டாளத்துச் சாமானும் ஊர்ப் பொதுப்பொருளும்

யுத்த சரித்திரம் எழுதுவோர் தளபதிகளைப் பற்றி விரிவாக எழுதுவர். கப்பல்களையும் விமானங்களையும் எண்ணுவர். வென்றோர் பெயரையும் தோற்றோர் பெயரையும் குறித்து வைப்பர். அவர்கள் அதிகம் எட்டிப்பாராத இடம் ஒன்று உண்டு. அது பண்டகசாலை. களத்திலே ஒரு வீரன் நிற்கவேண்டுமாயின் உணவு, உடை, மருந்து, சப்பாத்து, எரிபொருள் யாவும் பின்னாலிருந்து அவனுக்கு வந்துகொண்டே இருத்தல் வேண்டும். அவை துறைமுகத்தில் இறங்கி, லொறியில் ஏறி, கிட்டங்கியில் அடங்கி, மீண்டும் லொறியில் ஏறி அவனைச் சென்றடையுமுன் எத்தனையோ கைகளைத் தாண்டுகின்றன. அக்கைகளுள் எத்தனை சுத்தமானவை என்பதே ஈண்டு நாம் ஆராய விரும்பும் பொருள்.

இஃது எமது குடாநாட்டுக்குத் தொடர்பற்ற ஆராய்ச்சி என்று வாலிப அன்பர்கள் எண்ணலாகாது. அடுத்த வீட்டுக் கோழி தன் வளவுக்குள் முட்டையிட்டால் அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகின்ற மனிதன், அரசாங்கத்துச் சாமான் என்றால் மாத்திரம் கை நீட்டக் கூசுவதில்லை. ஏன் இவ்வாறு? இக்கேள்விக்கு விடை காண்பதற்கு யுத்த காலத்தைப் போல உதவும் காலம் வேறில்லை. சாமானும் தட்டுப்பாடும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும் காலம் அது.

யுத்தம் வாசலுக்கு வந்தது

1939ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டபோது அது யாழ்ப்பாணத்தவர்க்குப் பத்திரிகையில் வாசிக்கும் செய்தியாகவே இருந்தது. 1941 டிசெம்பரில் யப்பான் யுத்தத்தில் இறங்கிய பின் நிலைமை மாறிற்று. 1942 பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. அத்தோடு மலாயாவிலிருந்து எமது வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த காசுக்கட்டளைகள் நின்றன. புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்த மக்களிடமிருந்து காசு மாத்திரமன்று, உயிரோடிருக்கிறோம் என்று சொல்ல ஒரு கடிதமும் வராத காலம் தொடங்கிற்று. அந்த ஆண்டு மார்ச் 8ஆந் திகதி இரங்கூனும் வீழ்ந்தது. இலங்கை தான் உண்ணும் அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வெளியிலிருந்தே பெற்று வந்தது. அதிலே பெரும்பகுதி பர்மா அரிசி. ஆகவே இரங்கூன் வீழ்ந்த செய்தி எமது அடுப்படிக்கு எட்டிய செய்தியாயிற்று.

ஏப்பிரில் 5ஆந் திகதி, கிறித்தவர்களின் உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களின் பின் 9ஆந் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. தாக்குதலுக்கு ஒரு மாதம் முன்னரே இலங்கையின் பிரதம சேனாபதியாக அட்மிரல் லேற்றன் பொறுப்பேற்றிருந்தார். பிற்காலத்தில் மகாதேசாதிபதியாக விளங்கிய சேர் ஒலிவர் குணதிலக அப்பொழுது சிவில் பாதுகாப்பு ஆணையாளராக இருந்து குடிமக்களின் காப்பையும் உணவையும் கவனித்தார். மலாயாவும் யாவாவும் பகைவர் கையில் வீழ்ந்தமையால் நேச நாடுகளுக்கு வேண்டிய இயற்கை றப்பரில் பெரும் பங்கை இச்சிறு தீவே கொடுக்கவேண்டியதாயிற்று. 1944 ஏப்பிரிலில் மவுண்ட்பற்றன் பிரபுவின் தென்கிழக்காசியச் சேனைத் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு வந்தது. இவ்விதம் தீவு முழுவதும் ஒரு பெரும் பாசறையாயிற்று.

எமது குடாநாடும் விலக்காகவில்லை. பலாலியின் செம்மண் பூமியிலே பிரித்தானிய விமானப்படைக்கென ஓடுபாதை எழுந்தது. அதுவரை பனங்கூடலும் புகையிலைத் தோட்டமும் கண்டு பழகிய கண்கள், பெற்றோல் பீப்பாக்களையும் ரின் உணவுப் பெட்டிகளையும் இராணுவ லொறிகளையும் கண்டன. வேலிக்கு அப்பால் இவையெல்லாம் நிறைந்திருக்க, வேலிக்கு இப்பால் அரிசிக்குக் கூப்பன், மண்ணெண்ணெய்க்கு அளவு, ரயர் கிடைப்பது அரிது. கோதுமை மா பங்கீட்டுப் பொருளாய்ச் சமையலறைக்குள் நுழைந்தது. ஒடியலும் மரவள்ளியும் பல வீடுகளிற் சோற்றின் இடத்தைப் பிடித்தன.

நிறைவும் குறைவும் இவ்வாறு ஒரு வேலியால் மாத்திரம் பிரிக்கப்பட்டிருக்கும் இடங்களிலெல்லாம் களவு பிறந்திருக்கின்றது. எமது தீவிலும் "கறுப்புச் சந்தை" என்னும் சொல் வீட்டுச் சொல்லாகியது இந்த யுத்தத்திலேதான்.

களவின் வகைகள்

இராணுவப் பொருளில் நிகழும் களவு ஒரே வகையினதன்று. முதலாவது, வழியிற் குறைதல். நூறு பெட்டி ஏற்றிய லொறி தொண்ணூற்றெட்டுப் பெட்டியோடு வந்து சேரும். இரண்டாவது, ஏட்டிற் குறைதல். பொருள் கிட்டங்கியில் இருக்கும்போதே "உடைந்தது", "நனைந்தது", "எலி தின்றது" என்று எழுதப்பட்டுவிடும். ஏட்டில் இறந்த பொருள் சந்தையில் உயிர்த்தெழும். மூன்றாவது, துஷ்பிரயோகம். பொருள் எங்கும் போகாது. ஆனால் எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்குப் பயன்படாது. நோயாளியை ஏற்றவேண்டிய வாகனம் உத்தியோகத்தரின் விருந்துக்குப் போய்வரும். நான்காவது, கெட்டதைக் கொடுத்து நல்லதற்குக் காசு வாங்குதல். இது ஒப்பந்தக்காரரின் களவு. கிட்டங்கிக்குள் வருமுன்னரே நிகழ்ந்துவிடுவது.

இந்நான்குக்கும் பின்னால் ஐந்தாவதாக ஒருவன் நிற்கின்றான். அவனே வாங்குவோன். அவன் பூட்டை உடைக்கவில்லை, ஏட்டைத் திருத்தவில்லை. "மலிவாய்க் கிடைத்தது, வாங்கினேன்" என்பான். ஆனால் அவன் இல்லையேல் முன்னைய நால்வரும் இல்லை. ஒருவன் தன் வீட்டுக்குத் திருடுவது ஒரு போர்வை. ஊருக்கு விற்பதற்குத் திருடுவதே நூறு போர்வை.

இதைத் தடுப்பதற்கு அரசுகள் எத்தனையோ உபாயங்கள் செய்தன. பிரித்தானிய அரசின் பொருள்களில் அகன்ற அம்புக்குறி ஒன்று பொறிக்கப்படும் வழக்கம் பல நூற்றாண்டுப் பழமையுடையது. அக்குறியை அழிப்பதே குற்றமென 1875ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே விதித்தது. கடற்படைக் கயிறுகளில் ஒரு நிற நூலை உள்ளே வைத்து முறுக்குவர். எந்தத் துண்டை வெட்டி எடுத்தாலும் அந்த நூல் காட்டிக்கொடுக்கும். யுத்தம் முடிந்த பின்னரும் பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீடு நீடித்தபோது, தொழில் வாகனங்களுக்குரிய பெற்றோலுக்கு 1948இல் சிவப்புச் சாயம் கலந்தார்கள். சொந்த மோட்டார் வண்டியில் அச்சாயம் காணப்பட்டால் ஓட்டுபவரின் அனுமதிப்பத்திரம் பறிபோகும். அம்புக்குறியும் நிற நூலும் சாயமும் கள்வனைப் பிடிக்க உதவின. களவெடுக்கும் எண்ணத்தை அவை போக்கினவா என்பது வேறு கேள்வி.

பிற தேசங்களிற் கண்டவை

அக்கேள்விக்கு இத்தாலி தேசத்து நேப்பிள்ஸ் நகரம் ஒரு விடை தருகின்றது. 1943 ஒக்ரோபர் 1ஆந் திகதி நேச நாட்டுப் படைகள் அந்நகருட் புகுந்தன. பின்வாங்கிய ஜேர்மானியர் துறைமுகத்தையும் நீர்வழங்கலையும் நாசஞ் செய்துவிட்டே போயிருந்தனர். மக்கள் பட்டினியில் வாடினர். அந்தத் துறைமுகத்தின் வழியாகவே ஒரு பெரும் சேனைக்கு வேண்டிய பொருளெல்லாம் வந்திறங்கின. நிகழ்ந்ததை ஊகிப்பது கடினமன்று. இறக்குமதியான இராணுவப் பொருளில் மூன்றில் ஒரு பங்கு கறுப்புச் சந்தைக்குப் போகின்றது என்று நேச நாட்டு அலுவலகமொன்றே மதிப்பிட்டதாக, அங்கே கடமையாற்றிய நோர்மன் லூயிஸ் என்னும் பிரித்தானியர் தமது நாட்குறிப்பில் எழுதியுள்ளார். அது 1978இல் நூலாக வெளிவந்தது. போர்வைகள் மேற்சட்டைகளாயின. அப்பொழுதுதான் உலகுக்குக் கிடைத்த அருமருந்தான பெனிசிலினும் தெருவில் விலைபோயிற்று.

இங்கே நாம் நீதியாக இருத்தல் வேண்டும். நேப்பிள்ஸ் நகரத் தாய் ஒருத்தி தன் பிள்ளைக்கு ரின் பால் ஒன்றைக் கறுப்புச் சந்தையில் வாங்கினாளாயின் அவளைக் கள்ளி என்று சொல்ல எமது நா எழாது. பசிக்குக் கை நீட்டியவனையும் இலாபத்துக்குக் கை நீட்டியவனையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. எனினும் அந்தச் சந்தையை ஆண்டவர்கள் பசித்தவர்கள் அல்லர். லொறிக் கணக்கிற் பொருளை மறைக்க வல்லவர்களும், சேனைக்குள்ளேயே அவர்களுக்கு உதவி செய்த உத்தியோகத்தர்களுமே அதனை ஆண்டார்கள். ஏழையின் பசி அவர்களுக்கு ஒரு திரையாயிற்று.

ஊரவர்தாம் திருடுவர், படைவீரர் திருடார் என்பதும் பொய். 1944இல் பிரான்சை மீட்ட அமெரிக்கச் சேனை களத்திலே பெற்றோலுக்குத் தவித்தது. சிகரெற்றுக்கும் பஞ்சம் வந்தது. அதே காலத்தில் பாரிஸ் நகரத் தெருக்களில் இரண்டும் தாராளமாக விற்பனையாயின. 1945ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாரிசிற் கூடிய இராணுவ நீதிமன்றங்கள், புகையிரதங்களை ஓட்டிய அமெரிக்கப் படைப்பிரிவொன்றைச் சேர்ந்த பலரை, தாம் ஏற்றிச் சென்ற பொருள்களையே திருடி விற்ற குற்றத்துக்காகத் தண்டித்தன. முன்னணியில் நின்றவனின் பங்கைப் பின்னணியில் நின்ற அவனது சகோதரனே விற்றான்.

அமெரிக்கருக்கு இது புதிதன்று. அவர்களது உள்நாட்டு யுத்தத்தின்போது பழங் கம்பளிக் கந்தையை ஒட்டிச் செய்த சீருடைகளை ஒப்பந்தக்காரர் படைக்கு விற்றனர். அதன் விளைவாக 1863இல் பொய்க் கணக்குக் காட்டி அரசிடம் பணம் பெறுவோரைத் தண்டிக்கும் சட்டம் பிறந்தது. அச்சட்டம் இன்றும் வழக்கிலுள்ளது. 1941 மார்ச்சில் யுத்த ஒப்பந்தங்களை ஆராய அமெரிக்க மேற்சபை ஒரு குழுவை நியமித்தது. அதன் தலைவராக இருந்து பேர் பெற்ற ட்ரூமன் நான்கு ஆண்டுகளில் அந்நாட்டின் சனாதிபதியானார்.

பாரத தேசத்திலும் 1941இலே யுத்த இலாகாவின் கொள்முதல்களில் நிகழ்ந்த இலஞ்சத்தையும் மோசடியையும் விசாரிப்பதற்கென்றே ஒரு விசேட பொலிஸ் பிரிவு அமைக்கப்பட்டது. யுத்தம் முடிந்தது, இலஞ்சம் முடியவில்லை. ஆகவே 1946இல் அப்பிரிவுக்குச் சட்டபூர்வமான நிலை அளிக்கப்பட்டது. 1963இல் அதுவே மத்திய புலனாய்வுப் பிரிவு என்னும் பெயருடன் விரிந்தது. இன்று பத்திரிகைகளில் நாள்தோறும் காணும் அந்த நிறுவனத்தின் வேர் யுத்தகாலக் கிட்டங்கியில் இருக்கின்றது என்பது பலர் அறியாத செய்தி.

இவற்றையெல்லாம் கண்டு மேனாட்டார் கொண்டுவந்த நோய் இது என்று எமக்கு நாமே ஆறுதல் சொல்லிக்கொள்ளவும் இடமில்லை. அரசன் பொருளை அதிகாரிகள் கவரும் வழிகள் நாற்பது என்று கௌடிலியர் தமது அர்த்தசாத்திரத்திலே வகுத்து எண்ணியிருக்கின்றார். நாற்பது வழி எண்ணவேண்டிய தேவை அக்காலத்திலேயே இருந்ததென்க.

"அந்நியன் பொருள்தானே!"

யுத்தகாலத்தில் எமது நாட்டில் அடிக்கடி கேட்கப்பட்டிருக்கக் கூடிய சமாதானம் ஒன்று உண்டு. "வெள்ளைக்காரன் எங்களைக் கேட்டா யுத்தஞ் செய்தான்? அவன் பொருளை எடுத்தால் என்ன பாவம்?" என்பதே அது. கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும் இவ்வாதத்தை ஒருகணம் ஆராய்ந்து பார்ப்போம்.

அந்நிய ஆட்சியை எதிர்ப்பது எப்படி என்பதை யாழ்ப்பாணத்து வாலிபர் யுத்தத்துக்கு முன்னரே உலகுக்குக் காட்டியிருந்தனர். 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரசே பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசாக மலர்ந்தது. 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். 1931இல் பூரண சுயராச்சியம் கிடையாத அரசியற் திட்டத்தை ஏற்கமாட்டோம் என்று வாலிபர் எழுப்பிய குரலுக்கிணங்கி வடக்கின் நான்கு தொகுதிகள் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தன. அப்பகிஷ்காரம் அரசியலில் நன்மை செய்ததா தீமை செய்ததா என்பதில் பெரியோர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அது பகல் வெளிச்சத்தில் நடந்தது. பெயர் சொல்லி நடந்தது. நட்டத்தைத் தாமே ஏற்று நடந்தது. கிட்டங்கியிலிருந்து போர்வையை எடுத்துப் போனவன் இருளில் நடந்தான், பெயரை மறைத்தான், இலாபத்தைத் தானே வைத்துக்கொண்டான். எதிர்ப்பு வேறு, களவு வேறு. ஊருக்கு நன்கொடையாக வந்த ஒவ்வொரு சதத்துக்கும் கணக்கு வைத்த காந்தியடிகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு இரண்டையும் ஒன்றாக்கல் இயலாது.

மேலும், நட்டம் வெள்ளைக்காரனுக்கு மாத்திரமா? பர்மாக் காடுகளிலே போரிட்ட சேனையிற் பெரும்பாலோர் இந்தியர். அங்கே குண்டுபட்டுக் காயமடைந்தோரிலும் மலேரியா முதலிய நோயால் வீழ்ந்தோரே பன்மடங்கு அதிகம். உலகத்துக் கொயினாவிற் பெரும்பகுதியை விளைத்த யாவா பகைவர் கையில் இருந்தது. 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய 80,000 உயிரைப் பலிகொடுத்த இலங்கைக்கு மலேரியாவின் கொடுமையைச் சொல்லிக் காட்டவேண்டியதில்லை. அத்தகைய காலத்திலே ஒரு மருந்துப் பெட்டி வழிமாறிப் போகுமானால் அதனால் இறப்பவன் சக்கரவர்த்தி அல்லன். எமது அயலூரான் ஒருவன். பெற்றோல் போனால் நெல் ஏற்றும் லொறி நிற்கும். களவு போன பொருளின் விலையைக் கடைசியிற் செலுத்துபவன் வரிசையின் கடைசியில் நிற்பவனே.

எம்மவரிடையே "சிவன் சொத்துக் குலநாசம்" என்றொரு பழமொழி வழங்குகின்றது. கோயில் வளவில் விழுந்த தேங்காயை எடுப்பதற்கு அஞ்சும் மக்கள் நாம். ஏன் அஞ்சுகின்றோம்? அதற்குத் தனியொருவன் உரிமையாளன் இல்லை. ஆனால் அது எல்லோருக்கும் உரியது என்னும் உணர்ச்சி பரம்பரையாக எமக்கு ஊட்டப்பட்டிருக்கின்றது. அரசாங்கத்துப் பொருளும் அதே தன்மையது. தனியொருவனுக்கு உரியதன்று, எல்லோருக்கும் உரியது. இருந்தும் கோயிற் பொருளில் உள்ள அச்சம் இதில் இல்லை. அந்நியன் ஆண்ட காலத்தில் அது "அவனது" பொருளாகத் தோன்றியது. அவன் போன பின்னரும் அந்தப் பழக்கம் போகவில்லை. இதுவே நாம் தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு விடை. எமது என்று எண்ணாத பொருளைக் காவற்காரனும் அம்புக்குறியும் நெடுநாள் காக்கமாட்டா.

சங்கக்கடையின் கணக்கு

எமது என்று எண்ணிய இடத்தில் என்ன நிகழ்ந்தது? இதற்கும் அந்த யுத்தகாலமே சான்று தருகின்றது.

1942இல் அரிசி பங்கீடு தொடங்கியபோது, பொருளை ஊருக்கு ஊர் கொண்டுசென்று தலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்க ஒரு சாதனம் வேண்டியிருந்தது. தனி வியாபாரிகளை மாத்திரம் நம்பினால் கறுப்புச் சந்தை பெருகும் என்னும் அச்சம் இருந்தது. அப்பொழுது கைகொடுத்தவை ஐக்கிய பண்டகசாலைச் சங்கங்கள். இலங்கையில் ஐக்கிய சங்கங்களுக்குச் சட்டம் 1911இலேயே வந்துவிட்டதாயினும், பண்டகசாலைச் சங்கங்கள் கிராமந்தோறும் ஆயிரக்கணக்கிற் பெருகியது இந்த யுத்த ஆண்டுகளிலேதான். "சங்கக்கடை" என்னும் சொல் எமது பேச்சில் வேரூன்றியதும் அப்பொழுதே.

யாழ்ப்பாணம் இதற்கு ஏற்கெனவே பண்பட்ட நிலமாக இருந்தது. மூளாயில் 1936இலே ஐக்கிய முறையில் ஒரு வைத்தியசாலையை நிறுவிய மக்கள் எமது மக்கள். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக விளங்கிய திரு. வீ. வீரசிங்கம் அவர்கள் ஐக்கிய இயக்கத்துக்குத் தம் வாழ்நாளை அளித்தார்கள். யாழ்ப்பாண நகரில் அன்னாரின் பெயரால் நிற்கும் மண்டபத்தில் எத்தனையோ கூட்டங்களுக்குப் போய்வந்த வாலிபர்கள், அப்பெயர் அங்கே ஏன் பொறிக்கப்பட்டது என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

சங்கக்கடை களவைத் தடுத்த விதத்தைச் சிறிது நோக்குவோம். அங்கே அங்கத்தவர் பங்குப்பணம் கட்டியவர்கள். நிர்வாக சபை அவர்களால் தெரிந்தெடுக்கப்பட்டது. முகாமையாளர் ஊரவர். எந்த வீட்டில் எத்தனை வாய், எந்தக் கூப்பனுக்குரியவர் காலமாகிவிட்டார் என்பதெல்லாம் ஊர் அறிந்த விடயம். இறந்தவர் பெயரில் அரிசி வாங்குவது எந்நாட்டுப் பங்கீட்டிலும் காணப்படும் மோசடி. ஆனால் செத்தவீட்டுக்குப் போய்வந்த அயலவரே வரிசையில் நிற்கும்போது அது எளிதன்று. கொத்தைக் கும்பமாக அளப்பதா, தலை தட்டி அளப்பதா என்பதிற் கூடப் பத்துக் கண்கள் விழித்திருக்கும். மூட்டையில் ஒரு கொத்துக் குறைந்தால் அது "அரசாங்கத்துக்கு" நட்டமாகத் தோன்றாது. கடைசியாய் வந்த வீட்டுக்கு அன்று சோறில்லை என்பதாய்த் தோன்றும். ஆண்டு முடிவில் கணக்கு வாசிக்கப்படும். வாசித்தவரை எழும்பிநின்று கேள்வி கேட்க அங்கத்தவர் எவருக்கும் உரிமை உண்டு.

சங்கக்கடைகளில் தவறே நிகழவில்லை என்று நாம் சாதிக்கவில்லை. ஐக்கியம் என்னும் பெயர்ப்பலகை தொங்கியதனால் மாத்திரம் கைகள் சுத்தமாகிவிடா. யுத்தத் தேவைக்காக அவசரமாய்த் தோன்றிய சங்கங்களிற் பல, யுத்தம் ஓய்ந்தபின் நலிந்தன. 1957இல் பலநோக்குச் சங்கங்கள் என்னும் புதிய அமைப்பு வந்தது. எங்கே அங்கத்தவர் கூட்டத்துக்குப் போகாது விட்டனரோ, எங்கே கணக்கு வாசிக்கப்படாது கைதட்டி நிறைவேற்றப்பட்டதோ, அங்கே சங்கமும் சாய்ந்தது. காவல் என்பது ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடும் பொருளன்று.

யுத்தத்தின் பின்

1945இல் யுத்தம் முடிந்ததும் உலகெங்கும் படைகளின் உபரிப் பொருள்கள் மலைபோற் குவிந்தன. அவற்றை ஒழுங்காக விற்றும் கொடுத்தும் குடிமக்களுக்குப் பயன்படச் செய்த இடங்களில் நன்மை விளைந்தது. பிலிப்பைன் தீவுகளில் அமெரிக்கர் விட்டுச் சென்ற ஜீப் வண்டிகளை நீட்டிப் பிரயாணிகள் வண்டியாக்கினர். அந்நாட்டின் பொதுப் போக்குவரத்தே அதிலிருந்து எழுந்தது. எமது தீவும் யுத்தகாலத்து டக்கோட்டா விமானங்களை வாங்கியே தன் விமான சேவையைத் தொடங்கிற்று. 1947 டிசெம்பர் 10ஆந் திகதி எயார் சிலோனின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, பலாலியில் இறங்கி, சென்னை சென்றது. யுத்தத்துக்கென எழுந்த ஓடுபாதை அன்று சமாதானத்துக்குப் பயன்பட்டது. விற்பனைச் சீட்டோடு வந்த பொருள் ஒரு நாட்டுக்குச் சிறகாயிற்று; சீட்டின்றிப் போன பொருள் சிலருக்கு வீடாயிற்று.

யுத்தத்தில் ஊறிய கெட்ட பழக்கங்களும் எஞ்சின. சுதந்திரம் பெற்று ஆறாண்டுகளில், 1954இல், இலங்கை இலஞ்சத்துக்கெதிராகத் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

பின்னர் எமது குடாநாடு தன் சொந்த மண்ணிலேயே யுத்தத்தைக் கண்டது. 1990 யூன் மாதத்தின் பின் வடக்குக்குச் செல்லும் பொருள்களுக்குத் தடை வந்தபோது, பற்றரியும் சீமெந்தும் எரிபொருளும் படைக்குப் பயன்படக் கூடியவை என்று குடிமக்களுக்கு மறுக்கப்பட்டன. முன்பு இராணுவப் பொருள் வேலிக்கு அப்பால் இருந்தது. இப்பொழுது வீட்டு விளக்குக்கு ஊற்றும் எண்ணெயே இராணுவப் பொருளாக எண்ணப்பட்டது. சில துளி பெற்றோலால் இயந்திரத்தை எழுப்பி மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சயிக்கிள் ஓட்டியதையும், ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்ததையும், சயிக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதையும் இன்று ஐம்பது வயதைக் கடந்தோர் யாவரும் அறிவர். பலாலியைச் சூழ்ந்த ஊர்களின் மக்கள் அந்த ஆண்டிலேயே வீடுவாசலை விட்டு வெளியேறினர். அத்துன்பத்தினூடே வரிசையிற் கடைசியாய் நின்றவர்க்கும் பங்கு விட்டவர்களும் இருந்தனர். தட்டுப்பாட்டை முதலாக வைத்துப் பணம் பெருக்கியவர்களும் இருந்தனர். இரு சாராரையும் ஊர் மறக்கவில்லை.

இளையோர்க்குத் தெரிந்த தட்டுப்பாடு 2022ஆம் ஆண்டினது. பெற்றோல் நிலையங்களின் முன் இரவுபகலாக நின்ற வரிசையும், அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த எரிபொருள் அனுமதி முறையும் அவர்கள் கண்ணாற் கண்டவை. கைத்தொலைபேசியிற் காட்டிய அந்தச் சதுரக் குறி, 1942ஆம் ஆண்டுக் கூப்பனின் பேரப்பிள்ளையே. அம்புக்குறி, நிற நூல், சிவப்புச் சாயம் என்ற வரிசையில் அதுவும் ஒன்று. பங்கை ஒழுங்குபடுத்த அது உதவியது. எனினும் வீட்டுக்குள் கலன் கலனாகப் பதுக்கியவனை அந்தக் குறி கண்டுகொள்ளாது. அவனை அயலவரின் கண்ணும் அவனது மனச்சாட்சியுமே கண்டன.

வாலிபர்க்கு

கள்ளாமை என்னும் அதிகாரத்தைத் திருவள்ளுவர் துறவறவியலில் வைத்திருக்கின்றார். பூட்டை உடைப்பது மாத்திரமன்று களவு, மனத்தால் விரும்புவதும் களவே என்னும் நுட்பம் அதில் அடங்கியிருப்பதால் அவ்வாறு வைத்தாரென்பர் பெரியோர். இல்லறத்தாராகிய நாம் அந்த உயரத்துக்கு உடனே ஏற முடியாவிடினும், ஏறத் தொடங்கும் படி எது என்பதை அறிந்துகொள்ளலாம்.

அப்படி எமது சங்கத்தின் அலுமாரியிலேயே இருக்கின்றது. ஒரு வாலிபர் சங்கத்தின் பொதுப்பொருள் சிறியது: சில வாங்குகள், சில பாத்திரங்கள், ஒலிபெருக்கி, புத்தகங்கள், விழாவுக்குச் சேர்த்த காசு, வெள்ளமோ புயலோ வந்தால் கொடுப்பதற்குச் சேர்ந்த அரிசியும் உடுபுடைவையும். இச்சிறு பொருளில் பழகாத கை பெரும் பொருளிற் பழகாது. ஆகவே மூன்று பழக்கங்களை நாம் வாலிபர்க்கு விண்ணப்பிக்கின்றோம். வந்த பொருளை வந்த அன்றே ஏட்டிற் பதிக. நாளை எழுதுவோம் என்று விட்ட பொருளே முதலிற் குறையும். அலுமாரித் திறப்பு ஒருவரிடம் இருக்க, ஏடு இன்னொருவரிடம் இருக்கட்டும். இது சந்தேகத்தினால் அன்று, நல்லவனைப் பழியினின்றும் காப்பதற்காக. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கு உரத்து வாசிக்கப்படட்டும். வாசிக்கும்போது மூத்தோர் கடிகாரத்தைப் பாராது கேள்வி கேட்கட்டும். நான்காவதாக ஒன்று வாங்குவோர்க்கு: விலை மிக மலிவாயிருந்தால், இது எங்கிருந்து வந்தது என்று ஒரு சொல் கேட்டபின் கைப்பையைத் திறவுங்கள்.

பலாலியில் 1942ஆம் ஆண்டுக் காலத்திலே அந்நியச் சேனைக்கென அமைந்த ஓடுபாதையில் 2019 ஒக்ரோபர் தொடக்கம் சர்வதேச விமான நிலையம் இயங்குகின்றது. அவ்விடத்தைச் சுற்றிய காணிகளிற் சில உரியவர் கைக்குத் திரும்பியுள்ளன. வேறு சிலவற்றுக்காக உரியவர்கள் நெடுங்காலம் காத்திருந்திருக்கின்றனர். ஒருவருடைய பொருள் உரியவரிடம் சேரவேண்டும் என்று கேட்கும் உரிமை எமக்கு உண்டு. அவ்வுரிமையை உரத்துக் கேட்கும் குரலுக்கு வலிமை தருவது, எமது கையில் இருக்கும் பிறர் பொருளுக்கு நாம் வைத்திருக்கும் கணக்கு. வாலிபர் அந்தக் கணக்கைச் செவ்வனே வைப்பாராக. மூத்தோர் அதனைக் கேட்டு வாங்குவாராக. திருவருள் துணை நிற்பதாக.